நாயை ஏற்றலாமா, பாட்டியை ஏற்றலாமா? பைக் சைடுகார் பற்றி சட்டம் சொல்வது என்ன?

மயிலாப்பூர் லஸ் கார்னர் சிக்னலில் பத்து நிமிடம் நின்றால் போதும். ஸ்கூட்டரின் முன்பக்கம் காலடியில் ஒரு லேப்ரடார், பின்னால் கணவன், மனைவி, நடுவில் குழந்தை. பக்கத்து வண்டியில் பாட்டி ஒருக்களித்து உட்கார்ந்து ஒரு கையில் பையையும், இன்னொரு கையில் பேரனையும் பிடித்திருப்பார். யாரும் திரும்பிக்கூட பார்ப்பதில்லை. அவ்வளவு பழகிப்போன காட்சி.

இதே சிக்னலில் சைடுகார் மாட்டிய ஒரு புல்லட் வந்து நின்றால்? உடனே பத்து செல்போன் வெளியே வரும். சைடுகாரில் கண்ணாடி போட்ட ஒரு நாய் உட்கார்ந்திருந்தால், அன்றைக்கு இன்ஸ்டா ரீல்ஸில் அதுதான் ஹீரோ.

2022 ஜூனில் தமிழிலும் வெளியான '777 சார்லி' படத்தில் நாயகன் தன் நாயை பைக் சைடுகாரில் உட்கார வைத்து ஊர் ஊராகப் போவதைப் பார்த்த பிறகு, "நம்ம வண்டியிலும் ஒண்ணு மாட்டினா என்ன?" என்று யோசிக்காத நாய்ப் பிரியர்கள் குறைவு. நாய் மட்டுமல்ல. முழங்கால் வலியால் பைக்கில் ஏற முடியாத அம்மா, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என்று வீட்டுக்கு வீடு காரணம் இருக்கிறது.

ஆனா இது சட்டப்படி சரியா? எத்தனை பேர் போகலாம்? நாய்க்கு என்ன விதி? ஓட்டினால் உண்மையில் பாதுகாப்பா? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

சைடுகார் எங்கே போச்சு?

சைடுகார் நமக்குப் புதுசு கிடையாது. 1970களிலும் 80களிலும் பஜாஜ் ஸ்கூட்டர், லாம்ப்ரெட்டா வைத்திருந்த நடுத்தரக் குடும்பங்களில் பலர் இடதுபக்கம் ஒரு சைடுகாரை மாட்டிக்கொண்டார்கள். அப்பா ஓட்டுவார், அம்மா பின்னால், பிள்ளைகள் பக்கத்துப் பெட்டியில். கார் வாங்க முடியாத வீட்டின் கார் அது. 1975-ல் வந்த 'ஷோலே' படத்தின் சைடுகார் பைக் இன்றும் நாடு முழுக்க ஞாபகத்தில் இருக்கிறது.

சென்னைக்கும் இந்தக் கதையில் பங்கு உண்டு. 1956-ல் திருவொற்றியூரில் என்ஃபீல்டு புல்லட் தயாரிப்பு தொடங்கியது. சைடுகாரை இழுக்கும் அளவுக்கு இழுவிசை உள்ள வண்டி என்று பெயர் எடுத்தது புல்லட்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தது. கொஞ்சம் கொஞ்சமாக, சைடுகாரில் உட்கார்ந்த குடும்பம் காருக்கு மாறியது. கார் வாங்க முடியாதவர்கள் என்ன செய்தார்கள்? நான்கு பேரும் ஒரே ஸ்கூட்டரில் ஏறிக்கொண்டார்கள். இன்றைய சிக்கலின் தொடக்கம் இதுதான். சைடுகார் போய்விட்டது, அதில் போன ஆட்கள் போகவில்லை.

சட்டத்தின் கண்ணில் சைடுகார் என்பது என்ன?

இங்கே பலருக்கும் தெரியாத ஒரு விஷயம் இருக்கிறது. 1988-ம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் சைடுகாரைத் தடை செய்யவில்லை. அந்தச் சட்டத்தின் 2(27) பிரிவு, 'மோட்டார் சைக்கிள்' என்றால் என்ன என்று சொல்லும்போதே, கழற்றி மாட்டக்கூடிய, கூடுதலாக ஒரு சக்கரம் கொண்ட சைடுகாரையும் சேர்த்துத்தான் சொல்கிறது.

அதாவது, சட்டத்தின் பார்வையில் சைடுகார் மாட்டிய புல்லட் ஒரு மோட்டார் சைக்கிள்தான். ஆட்டோ கிடையாது, கார் கிடையாது. மத்திய அரசின் 'வாகன்' பதிவுத் தளத்திலும் சைடுகார் உள்ள மோட்டார் சைக்கிள், ஸ்கூட்டருக்குத் தனி வகையே இருக்கிறது.

அப்போ பிரச்சினை எங்கே? மாட்டுவதில்தான்.

கடையில் கொடுத்து மாட்டிக்கொள்ளலாமா?

ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை பக்கம் போனால் பைக்கில் என்ன வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம் என்ற நினைப்பு சென்னையில் பலருக்கு உண்டு. பட்டறையில் மாட்டிவிடலாம். ஆனா ஆர்.சி. புத்தகத்தில் மாட்டுவதுதான் கஷ்டம்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு, தயாரிப்பு நிறுவனம் முதலில் குறிப்பிட்ட விவரங்களுக்கு மாறாக, ஆர்.சி.யில் உள்ள விவரங்கள் மாறும் வகையில், வண்டியை மாற்றக்கூடாது என்கிறது. கேரளாவில் இருந்து வந்த ஒரு வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. சக்கரங்களின் எண்ணிக்கை, இருக்கை, எடை என எல்லாவற்றையும் சைடுகார் மாற்றிவிடும். எனவே அதை ஒரு ஸ்டிக்கர், ஒரு பக்கப் பெட்டி மாதிரி 'ஆக்சஸரி' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

மீறினால்? 2019-ல் திருத்தப்பட்ட சட்டத்தின் 182ஏ பிரிவின்படி, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் வண்டியின் உரிமையாளருக்கு ரூ.5,000 அபராதம், அல்லது 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அப்படியானால் யார்தான் சட்டப்படி ஓட்ட முடியும்? முக்கியமாக இரண்டு வகையினர்:

• ஏற்கெனவே சைடுகாருடன் பதிவு செய்யப்பட்டு, ஆர்.சி.யில் அது குறிப்பிடப்பட்டுள்ள பழைய வண்டி வைத்திருப்பவர்கள்.

• அங்கீகரிக்கப்பட்ட சோதனை நிலையத்தில் தேறிய வடிவமைப்பை, வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் அனுமதியோடு பதிவு செய்பவர்கள். இதில் மந்தைவெளி, திருவான்மியூர், கே.கே.நகர் என எந்த ஆர்.டி.ஓ. அலுவலகமாக இருந்தாலும், மாட்டுவதற்கு முன்பே போய்க் கேட்பதுதான் புத்திசாலித்தனம். மாட்டிவிட்டுப் போனால் 182ஏ காத்திருக்கும்.

எத்தனை பேர் போகலாம்?

இங்கேதான் சட்டம் குழப்புகிறது. 'இரண்டு சக்கர மோட்டார் சைக்கிளில்' ஓட்டுபவரைத் தவிர ஒருவர் மட்டுமே போகலாம், அவரும் ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால் உறுதியாகப் பொருத்திய இருக்கையில்தான் உட்கார வேண்டும் என்கிறது 128-வது பிரிவு. மீறினால் ரூ.1,000 அபராதம், 3 மாதம் லைசென்ஸ் முடக்கம்.

இதை அப்படியே படித்தால், சைடுகாரும் மோட்டார் சைக்கிளின் பகுதி என்பதால், பின்னால் ஒருவர் மட்டும்தான் உட்காரலாம், பக்கத்தில் யாரும் உட்காரக்கூடாது என்று ஆகிவிடும். அப்படியென்றால் சைடுகார் எதற்கு? இன்னொரு வாசிப்பும் இருக்கிறது. சைடுகார் மாட்டிய பிறகு தரையில் மூன்று சக்கரம் நிற்கிறது; எனவே 'இரண்டு சக்கர' என்று தொடங்கும் 128-வது பிரிவு அதற்குப் பொருந்தாது.

நடைமுறையில் இந்த வாதத்தை ரோட்டில் நின்று போக்குவரத்து காவலரிடம் செய்து ஜெயிக்க முடியாது. அவர் பார்ப்பது ஒன்றைத்தான். ஆர்.சி.யில் இருக்கை எண்ணிக்கை எத்தனை? மூன்று என்று இருந்தால் மூன்று பேர். இரண்டு என்று இருந்தால் சைடுகாரில் இருப்பவர் மூன்றாவது ஆள், அதாவது 'ட்ரிபிள்ஸ்'.

ஹெல்மெட் யாருக்கு?

"பெட்டிக்குள்ளதானே உட்கார்ந்திருக்கார், எதுக்கு ஹெல்மெட்?" என்று கேட்கத் தோன்றும். பிரிட்டனில் இந்தக் கேள்விக்குப் பதில் உண்டு. அங்கே சைடுகாரில் உட்காருபவருக்கு ஹெல்மெட் கட்டாயமில்லை என்று சட்டமே விலக்கு தருகிறது.

இந்தியாவில் அந்த விலக்கு இல்லை. 129-வது பிரிவு, எந்த வகை மோட்டார் சைக்கிளாக இருந்தாலும் அதில் ஓட்டுபவர், பயணிப்பவர், ஏற்றிச்செல்லப்படுபவர் என 4 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் ஹெல்மெட் கட்டாயம் என்கிறது. தலைப்பாகை அணியும் சீக்கியர்களுக்கு மட்டுமே விலக்கு. மோட்டார் சைக்கிள் என்ற சொல்லுக்குள்ளேயே சைடுகாரும் அடங்குவதால், அதில் உட்காரும் பாட்டிக்கும் ஹெல்மெட் வேண்டும். சென்னையில் 2022 மே மாதம் முதல் பின்னால் உட்காருபவரின் ஹெல்மெட்டையும் போக்குவரத்து போலீசார் தீவிரமாகப் பார்க்கிறார்கள் என்பது தெரிந்ததுதான்.

4 வயதுக்குக் கீழ் உள்ள குழந்தைகளுக்குத் தனி விதி 2022 பிப்ரவரியில் அறிவிக்கப்பட்டு, ஓராண்டு கழித்து நடைமுறைக்கு வந்தது. குழந்தையை வாரால் ஓட்டுபவரின் உடலோடு பிணைக்க வேண்டும். 9 மாதம் முதல் 4 வயது வரை குழந்தைக்குப் பொருத்தமான ஹெல்மெட் வேண்டும். வேகம் 40 கி.மீ.யைத் தாண்டக்கூடாது. கவனித்தால் புரியும், இந்த விதியை எழுதியவர்கள் மனதில் சைடுகாரே இல்லை. பக்கத்துப் பெட்டியில் உட்காரும் குழந்தையை ஓட்டுபவரோடு எப்படிப் பிணைப்பது? விதிக்கு உட்பட்டு நடக்க வேண்டுமானால், 4 வயதுக்குக் குறைந்த குழந்தையை சைடுகாரில் உட்கார வைக்காமல் இருப்பதே வழி.

சரி, நாய்க்கு என்ன சட்டம்?

மோட்டார் வாகனச் சட்டத்தில் 'நாய்க்கு சீட் பெல்ட்' என்றெல்லாம் எதுவும் கிடையாது. ஆனா இரண்டு சட்டப் பிரிவுகள் நேராகப் பொருந்தும்.

முதலாவது, மோட்டார் வாகனச் சட்டம் 125-வது பிரிவு. ஓட்டுபவரின் கட்டுப்பாட்டுக்கு இடைஞ்சலாக எந்த ஆளையும் உட்கார வைக்கவோ, எந்தப் பொருளையும் வைக்கவோ கூடாது. ஸ்கூட்டரின் காலடியில் நிற்கும் லேப்ரடார், பெட்ரோல் டேங்க் மேல் உட்காரும் பக், மடியில் இருக்கும் பூனை எல்லாம் ஹேண்டில்பாரைத் திருப்ப விடாமல் செய்தால் இந்தப் பிரிவின் எல்லைக்குள் வரும்.

இரண்டாவது, 1960-ம் ஆண்டு பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம். தேவையில்லாத வலியோ துன்பமோ தரும் விதத்தில் எந்தப் பிராணியையும் வாகனத்தில் ஏற்றிச் செல்வது 11(1)(டி) பிரிவின்படி குற்றம். இது நாய், பூனைக்கு மட்டுமல்ல. பைக் ஹேண்டிலில் தலைகீழாகத் தொங்கவிடப்படும் கோழிக்கும், இரண்டு பேருக்கு நடுவில் நசுக்கி உட்கார வைக்கப்படும் ஆட்டுக்கும் இதே பிரிவுதான். ஆனா முதல் தடவை குற்றத்துக்கு அபராதம் எவ்வளவு தெரியுமா? 10 ரூபாயில் இருந்து 50 ரூபாய் வரை. பல பத்தாண்டுகள் ஆகியும் தொகை மாறவில்லை. பயப்பட வைக்கும் சட்டமாக இது இல்லாததற்கு அதுவே காரணம்.

பிரிட்டனின் நெடுஞ்சாலை விதித் தொகுப்பு, ஓட்டுபவரின் கவனம் சிதறாதபடியும், திடீரென்று வண்டி நின்றால் பிராணிக்கும் ஆளுக்கும் அடிபடாதபடியும் நாயைக் கட்டி உட்கார வைக்க வேண்டும் என்று தனியாகச் சொல்கிறது. நம்மிடம் அப்படி ஒரு வரி இல்லை. அதனால் பொறுப்பு முழுக்க வண்டி ஓட்டுபவரிடம் வந்து விழுகிறது.

நாய் ஏன் பைக்கில் போகிறது?

"நாயை எதுக்கு பைக்ல கூட்டிட்டுப் போறீங்க?" என்று கேட்பது சுலபம். தி.நகர் கண்ணம்மாபேட்டையில் உள்ள மாநகராட்சி கால்நடை மையத்துக்கோ, வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ ஒரு பெரிய நாயை எப்படிக் கொண்டுபோவது? மெட்ரோ ரயிலில் செல்லப்பிராணிக்கு அனுமதி இல்லை. ஆட்டோவும் டாக்சியும் ஓட்டுநரின் மனசைப் பொறுத்தது. நாயைப் பார்த்ததும் பயணத்தை ரத்து செய்பவர்கள் உண்டு. சொந்தக் கார் இல்லாதவருக்கு மிச்சம் இருப்பது ஸ்கூட்டரின் காலடிதான்.

சென்னை மாநகராட்சி எல்லையில் நாய் வளர்க்க உரிமமும் வெறிநோய்த் தடுப்பூசியும் கட்டாயம். கடமை கட்டாயம், ஆனா அதை நிறைவேற்றப் போய்வர வழி இல்லை. சைடுகார் ஆசைக்குப் பின்னால் இருக்கும் உண்மையான தேவை இது.

ஓட்டினால் என்ன ஆகும்?

சட்டத்தை விடுங்கள். இயற்பியல் இன்னும் கறாரானது. சைடுகார் மாட்டிய பைக்கை பைக் மாதிரி ஓட்ட முடியாது. சாய்த்துத் திருப்பும் வித்தை இங்கே செல்லாது.

நம் நாட்டில் இடதுபக்கம் செல்வதால் சைடுகாரும் இடதுபக்கமே மாட்டப்படுகிறது. அதனால் நடப்பது இதுதான்:

• ஆக்சிலரேட்டரைத் திருகினால் வண்டி இடதுபக்கம் இழுக்கும். சைடுகார் பின்னால் தங்கப் பார்க்கும்.

• பிரேக் பிடித்தால் வலதுபக்கம் இழுக்கும், அதாவது எதிரே வண்டி வரும் பக்கம். சைடுகார் சக்கரத்துக்குத் தனி பிரேக் இல்லையென்றால் இது இன்னும் அதிகம்.

• இடதுபக்கம் வேகமாகத் திருப்பினால் சைடுகார் சக்கரம் தரையை விட்டு எழும்பும். உள்ளே ஆள் இல்லாமல் காலியாக இருக்கும்போது இது சுலபமாக நடக்கும். அதனால்தான் அனுபவம் உள்ளவர்கள் காலி சைடுகாரில் மணல் மூட்டை வைத்துக்கொண்டு ஓட்டிப் பழகுகிறார்கள்.

இப்போது அந்தப் பெட்டியில் 30 கிலோ நாய் உட்கார்ந்திருக்கிறது என்று வையுங்கள். இடதுபக்கம் திரும்பும் நேரத்தில் தெருநாய் ஒன்று குரைக்க, நம் நாய் வலதுபக்கம் ஓட்டுபவரை நோக்கித் தாவுகிறது. சைடுகார் சக்கரத்தைத் தரையில் அழுத்திப் பிடித்திருந்த எடை அந்த நொடியில் இடம் மாறுகிறது. சக்கரம் எழும்புகிறது. எடையைக் கணக்கிட்டு ஓட்டலாம், அசையும் எடையைக் கணக்கிட முடியாது. மனிதப் பயணி கம்பியைப் பிடித்து உட்காருவார், சொன்னால் கேட்பார். நாய்க்கு இரண்டும் தெரியாது.

இத்தோடு சென்னை ரோட்டையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மயிலாப்பூர் மாட வீதிகளில் இரண்டு பக்கமும் வண்டி நிற்கும். கச்சேரி ரோடு, லஸ், அடையாறு எல்.பி. ரோடு, பனகல் பார்க் என மெட்ரோ இரண்டாம் கட்டப் பணி நடக்கும் இடங்களில் தடுப்புகளும் மாற்றுப்பாதைகளும் பழகிப்போனவை. பைக் என்றால் சந்தில் நுழைந்து போய்விடலாம். சைடுகாருக்கு ஏறக்குறைய ஓர் ஆட்டோவின் அகலம் வேண்டும். ஓட்டுபவரின் பழக்கமோ பைக் அகலத்துக்கானது. இடது ஓரத்தில் இருக்கும் பள்ளத்தில் முதலில் இறங்குவது சைடுகார் சக்கரம்தான், அதில் இருப்பவர்தான் முதலில் தூக்கி வீசப்படுவார். மழைக்காலத்தில் அந்தப் பள்ளம் கண்ணுக்கே தெரியாது.

இன்சூரன்ஸ் கிடைக்குமா?

பலர் யோசிக்காத இடம் இது. இருசக்கர வாகனத்துக்கான பேக்கேஜ் பாலிசியில் வண்டியின் மதிப்பைக் கணக்கிடும் பகுதியில் சைடுகார் என்ற சொல்லே இருக்கிறது. தயாரிப்பாளரின் விலைப் பட்டியலில் அடங்காத சைடுகாரின் மதிப்பைத் தனியாக அறிவிக்க வேண்டும் என்பது அதன் பொருள். அறிவிக்காத சைடுகாருக்கு இழப்பீடு கேட்டால் நிறுவனம் கையை விரிக்க இடம் உண்டு.

அதைவிடப் பெரியது, உள்ளே உட்காருபவரின் உயிர். சட்டத்துக்காக மட்டும் எடுக்கும் மூன்றாம் நபர் பாலிசி, வண்டியின் பின்னால் இலவசமாக ஏறி வருபவருக்குப் பொருந்தாது என்று 2006-ல் திலக் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பின்னால் உட்காருபவருக்கே இந்த நிலை என்றால், ஆர்.சி.யில் இல்லாத சைடுகாரில் உட்கார்ந்த அம்மாவுக்கு விபத்து நேர்ந்தால் குடும்பம் எங்கே போய் நிற்கும்? இதை மாட்டுவதற்கு முன்பே யோசிக்க வேண்டும்.

மாற்றுத்திறனாளிகள் வண்டிக்கு மட்டும் எப்படி அனுமதி?

நியாயமான கேள்வி. தமிழ்நாடு அரசு மாற்றுத்திறனாளிகளுக்கு இணைப்புச் சக்கரங்கள் பொருத்திய பெட்ரோல் ஸ்கூட்டர்களை இலவசமாக வழங்கி வருகிறது. மாற்றுத்திறனாளியின் பயன்பாட்டுக்காக மாற்றியமைக்கப்படும் வண்டிக்கு 52-வது பிரிவிலேயே தனி வழி இருக்கிறது. அதோடு, அந்த ஸ்கூட்டரில் இரண்டு பக்கமும் சக்கரம். எடை இரண்டு பக்கமும் சமம். சைடுகார் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும் வண்டி.

அடையாறை ஒட்டிய சென்னை ஐஐடியில் உருவாகி, 2021-ல் அறிமுகமான 'நியோபோல்ட்' இன்னொரு வழியைக் காட்டியது. சக்கர நாற்காலியின் முன்னால் மின்மோட்டார் இணைப்பை மாட்டினால், நாற்காலியே மணிக்கு 25 கி.மீ. வேகம் வரை ஓடும் வண்டியாகிவிடும். பயணியாக யாரோ ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து போகாமல், தானே ஓட்டிக்கொண்டு போகலாம். தேவை இருந்தது, ஆய்வு நடந்தது, வண்டி வந்தது. சைடுகாருக்கு இந்த மூன்றில் முதலாவது மட்டுமே இருக்கிறது.

பிலிப்பைன்ஸில் சைடுகார் மாட்டிய 'டிரைசிக்கிள்' நம்ம ஊர் ஷேர் ஆட்டோ மாதிரி அன்றாடப் போக்குவரத்து. உள்ளாட்சி அமைப்புகள் அதற்கு உரிமம் கொடுத்து, எந்தத் தெருவில் ஓடலாம் என்று முறைப்படுத்துகின்றன. நல்ல வண்டியோ கெட்ட வண்டியோ, விதி என்று ஒன்று அங்கே இருக்கிறது.

அப்போ இன்றைக்கு என்ன செய்யலாம்?

சைடுகாருடன் பதிவான வண்டி வைத்திருப்பவர்களுக்கு:

• ஆர்.சி.யில் சைடுகாரும் இருக்கை எண்ணிக்கையும் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பாலிசியிலும் சைடுகாரைச் சேருங்கள்.

• ஆளை ஏற்றுவதற்கு முன், காலி மைதானத்தில் மணல் மூட்டையோடு ஓட்டிப் பழகுங்கள். இடதுபக்கத் திருப்பத்தில் வேகம் வேண்டாம்.

• உட்காரும் எல்லோருக்கும் ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ஹெல்மெட். சேலைத் தலைப்பும் துப்பட்டாவும் சக்கரப் பக்கம் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

• நாயைக் கழுத்துப் பட்டையில் கட்டவே கூடாது. வெளியே குதித்தால் தூக்குக் கயிறாகிவிடும். மார்போடு சேர்த்துப் போடும் வார்ப்பட்டையில், விளிம்பைத் தாண்ட முடியாத அளவுக்குக் குட்டையாகக் கட்டுங்கள். பூனை என்றால் மூடிய கூடை மட்டும்தான்.

• அக்னி நட்சத்திர வெயிலில் மதிய நேரப் பயணம் வேண்டாம். நாய் மூச்சு வாங்கித்தான் உடல் சூட்டைத் தணிக்கும். கொதிக்கும் தகரப் பெட்டியில் அது முடியாது.

சைடுகார் இல்லாதவர்களுக்கு: பெரிய நாயை ஸ்கூட்டரின் காலடியில் நிற்க வைப்பதைவிட, சம்மதிக்கும் ஆட்டோ ஓட்டுநர் ஒருவரின் நம்பரைக் கையில் வைத்திருப்பது நல்லது. இரண்டு பிள்ளைகளோடு நான்கு பேராகப் போவதைவிட இரண்டு நடை போவது தாமதம்தான், ஆனா எல்லோரும் வீடு வந்து சேர்வார்கள்.

இது வெறும் அறிவுரை இல்லை. மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022-ல் இந்தியாவில் சாலை விபத்துகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் சென்றவர்கள். ஹெல்மெட் இல்லாமல் இறந்தவர்கள் 50,029 பேர். அதில் 14,337 பேர் ஓட்டியவர்கள் அல்ல, உட்கார்ந்து வந்தவர்கள். அதே ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 64,105.

சைடுகார் ஒரு ஜாலியான பழைய பொருளாகத் தெரியலாம். ஆனா அது எழுப்பும் கேள்வி இன்றையது. கார் வாங்க முடியாத ஒரு குடும்பம், வயசான அம்மாவையும் இரண்டு பிள்ளைகளையும் ஒரு நாயையும் இந்த ஊரில் சட்டப்படி, பாதுகாப்பாக எதில் கூட்டிப் போவது? வரையறையில் சைடுகாருக்கு இடம் கொடுத்த சட்டம், அதை எப்படிச் செய்வது, எப்படிச் சோதிப்பது, எத்தனை பேரை ஏற்றுவது என்பதையும் தெளிவாக எழுதும் வரை, லஸ் கார்னர் சிக்னலில் அந்த நான்கு பேரும் நாயும் ஒரே ஸ்கூட்டரில்தான் நின்றுகொண்டிருப்பார்கள்.